முட்டியில பட்ட அடி

...இந்தப் பரிசளிப்பு விழாவுல இவ்வளவு நேரம் ஜெயிச்சதப் பத்தியே பேசிட்டோம். அடிபட்டதப் பத்தி யாராவது பேசினோமா? இல்ல. அதனால ஒரு சின்னக் கதை சொல்றேன் தம்பிகளா, டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். பெண்களும் உக்காந்திருக்கீங்க... ஆம்பளைங்க சமாச்சாரம்னு எந்திரிச்சுப் போயிராதீங்க. இந்தக் கதையில அந்த மனுசனக் காப்பாத்துனதே ஒரு பொண்ணுதான்.

சிவகாசிப் பக்கம் தவசிலிங்கம்னு ஒருத்தர். முப்பத்தொரு வயசு. அச்சாபீஸ்ல மிஷின் ஓட்டுறவர். வாரம் பூரா நின்னுக்கிட்டே வேலை. ஞாயித்துக்கிழமை வந்தா கிரிக்கெட். விக்கெட் கீப்பர். பாய்ஞ்சு பிடிப்பாரு பாருங்க... பூனை மாதிரி!

டீம் பையில ஒரே ஒரு கார்டு இருந்துச்சு. எந்தக் கார்டுன்னு விளையாடுறவங்களுக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழ அடிபடாம இருக்க உள்ள வச்சுக்கிறது. பேட்டிங் பிடிக்கிறவங்க மட்டும் போட்டுக்குவாங்க. கீப்பிங்குக்கு இவரும் போட்டிருக்கலாம். போடல. ஏன்? "என்னண்ணே, பயமா?"ன்னு ஒருத்தன் கேட்டுருவானாம்!

அன்னைக்கு பைனல். டென்னிஸ் பால் இல்ல, கார்க் பால். வெளிய போக வேண்டிய பந்து, தரையில கிடந்த கல்லுல பட்டு விருட்டுன்னு உள்ள திரும்புச்சு. பட்டுச்சு. எங்கன்னு நான் சொல்லணுமா?

...சிரிக்கிறீங்க. அன்னைக்கும் கிரவுண்டே சிரிச்சுச்சு. பக்கத்துல ஸ்லிப்புல நின்ன ஆரோக்கியம் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். தவசியும் சிரிச்சாரு. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. ஏன்யா, ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சா சிரிப்போமா? மண்டை உடைஞ்சா சிரிப்போமா? இதுக்கு மட்டும் ஏன்யா சிரிக்கிறோம்?

வீட்டுக்கு வந்தாரு. சம்சாரம் பேரு ஜெயசுதா. கல்யாணமாகி ரெண்டு வருஷம். குழந்தைக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க.

"என்னங்க, சாஞ்சு சாஞ்சு நடக்கீங்க?"

"ஒண்ணுமில்ல... முட்டியில பந்து பட்டுருச்சு."

பாத்ரூம்ல போய்ப் பாக்காரு... கன்னிப் போயிருக்கு. ரத்தம் கட்டி, கத்தரிக்கா நிறத்துல வீக்கம். பயந்துட்டாரு. பயந்தவரு என்ன செஞ்சாரு? கைலியக் கட்டிக்கிட்டுப் படுத்துட்டாரு!

மறுநாள் வேலைக்கும் போனாரு. நிக்க முடியல, பேப்பர் கட்டு மேல உக்காந்து உக்காந்து எந்திரிச்சாரு. மத்தியானத்துக்கு மேல வாந்தி. சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போனாரு. கடைக்கார அண்ணாச்சி தெரிஞ்சவரு.

"அண்ணாச்சி, ரத்தக்கட்டுக்கு ஏதாவது குடுங்க."

"எங்க தவசி?"

"...முட்டியில."

முட்டின்னு சொன்னா அவரு என்ன குடுப்பாரு? முட்டிக்குத்தான் குடுப்பாரு! நல்லா சுள்ளுன்னு ஏறுற தைலம். அத வாங்கிட்டு வந்து, கதவத் தாப்பாப் போட்டுக்கிட்டு... தேய்ச்சுட்டாருய்யா!

"ஐயோ! அம்மா!"

தெருவே கேட்டுச்சு. ஜெயசுதா ஓடி வந்து கதவத் தட்டுது. "என்னங்க! தொறங்க! தொறக்கீங்களா, ஆள் கூப்புடவா?" தொறந்தாரு. தரையில உக்காந்துட்டாரு. முப்பத்தொரு வயசு ஆளு அழுதுக்கிட்டே உண்மையச் சொன்னாரு.

அந்தப் பொண்ணு சிரிக்கல. திட்டவும் இல்ல. "நேத்தே சொல்லியிருக்கலாம்ல"ன்னு ஒரே ஒரு வார்த்தை. தண்ணிய ஊத்திக் கழுவச் சொல்லிட்டு, தெருமுனைக்குப் போய் ஆட்டோவக் கூட்டிட்டு வந்துருச்சு.

ஆஸ்பத்திரியில இருந்தது ஒரு டாக்டரம்மா. தவசி நெளியுறாரு. "ஆம்பளை டாக்டர் இல்லீங்களா?"

"இருக்காரு, நாளைக்கு வருவாரு. உங்க வீக்கம் அதுவரைக்கும் பொறுக்குமான்னு எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்க."

படுத்துட்டாரு. ஸ்கேன் எடுத்தாங்க. விதையைச் சுத்தி இருக்கிற உறை கிழிஞ்சு உள்ள ரத்தம் கட்டியிருக்கு. உடனே ஆபரேஷன்னாங்க. ஜெயசுதாதான் கேட்டுச்சு: "டாக்டர்... நாங்க குழந்தைக்குப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"இன்னொண்ணு நல்லா இருக்கும்மா, பயப்படாதீங்க. இதையும் காப்பாத்தத்தான் அவசரப்படுறேன். இன்னும் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா எடுக்க வேண்டி வந்திருக்கும்."

காப்பாத்திட்டாங்க. மூணாம் நாள் டீம் பூரா பாக்க வந்துச்சு. ஆரோக்கியம் ஆரஞ்சுப் பழத்தக் கையில வச்சுக்கிட்டுத் தலையத் தொங்கப் போட்டு நிக்கான். "தெரியாமச் சிரிச்சுட்டேண்ணே."

"பழம் இருக்கட்டும்டா," தவசி சொல்றாரு, "மொதல்ல ஆளுக்கு ஒரு கார்டு வாங்குங்க."

வாங்குனாங்க. ரெண்டு மாசம் கழிச்சு, டாக்டரம்மா சரின்னு சொன்ன பெறகு, தவசி மறுபடி விக்கெட்டுக்குப் பின்னாடி நின்னாரு. கார்டு போட்டுக்கிட்டு. இப்பவும் பாய்ஞ்சுதான் பிடிக்காரு!

எதுக்கு இந்தக் கதையச் சொன்னேன்? அந்த மனுசனப் பெரிய ஆபத்துல கொண்டு போய் விட்டது பந்து மட்டுமா? "முட்டியில"ன்னு சொன்னாரே, அந்தப் பொய்யும்தான். பொய்யான இடத்துக்குச் சரியான மருந்து கிடைக்குமா? நீங்களே சொல்லுங்க.

விளையாடப் போறீங்களா, கார்டு போடுங்க. பைக்ல சடன் பிரேக் போட்டு டேங்க்ல மோதினாலும் இதே அடிதான், அதனால பாத்து ஓட்டுங்க. லேசா பட்டுருச்சா, துணியில சுத்துன ஐஸ் வச்சு ஓய்வெடுங்க. ஒரு மணி நேரத்துல வலி அடங்கலையா, வீங்குதா, கன்னிப் போகுதா, வாந்தி வருதா, ஒண்ணுக்குப் போனா ரத்தமா... உடனே ஆஸ்பத்திரி. அடியே படாம திடீர்னு அங்க வலிச்சாலும் உடனே போகணும். நாளைக்குன்னு சொல்லாதீங்க.

அந்த இடத்தோட பேரச் சொல்லக் கூச்சமா இருக்கா? சொல்ல வேணாம்யா. "கீழ அடிபட்டிருச்சு"ன்னு சொல்லுங்க. ரெண்டே வார்த்தை. டாக்டருக்கு அது போதும்.