நெட்டையின் பூட்டு எண்

உங்கள் கண்ணாடி தயார். இடது கண்ணில் பவர் சற்றுக் கூடியிருக்கிறது, பயப்படும்படி ஒன்றுமில்லை. நேற்று வந்தபோது, "அண்ணா, அவருக்கு என்னதான் ஆச்சு? கல்யாணமே வேணாங்கிறாரு" என்று கேட்டீர்கள். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தக் கடிதம்.

உங்கள் அவரை நான் நெட்டை என்றுதான் கூப்பிடுவேன். அவனும் நானும் இந்தக் கண்ணாடிக் கடையில் நான்கு வருடமாக ஒன்றாக இருக்கிறோம். நான் கண் சோதிப்பவன், அவன் லென்ஸ் தேய்ப்பவன். இருவருக்கும் ஒரே வியாதி: கைப்பேசியில் ஆபாசப் படம். இருபத்தைந்து வயது தாண்டியும் விட முடியவில்லை. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவன்தான் முதலில் வாய் திறந்தான்.

"நேர்ல ஒரு பொண்ணு சிரிச்சா மரம் மாதிரி நிக்கிறேன்டா. என்னைப் பார்த்தா எனக்கே அருவருப்பா இருக்கு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கே ஒப்பந்தம் போட்டோம். அவன் கைப்பேசியில் அந்தப் படங்கள் வராதபடி நான் பூட்டுப் போட்டு, திறக்கும் எண்ணை வைத்துக்கொள்வேன், என்னுடையதற்கு அவன். பார்க்காத நாளுக்கு ஆளுக்கொரு பச்சை வில்லை. லென்ஸோடு வரும் ஸ்டிக்கர்தான். அதைத் தேய்ப்பு இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டுவோம். முதலாளி அதை ஏதோ வேலைக் கணக்கு என்று நினைத்து எங்களை மெச்சினார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மூன்றாம் நாளே நான் வேறொரு பழைய கைப்பேசி வாங்கிவிட்டேன். வில்லையை மட்டும் தவறாமல் ஒட்டினேன். அவன் மனம் உடையக் கூடாதல்லவா?

அவனோ நிஜமாகவே விட்டுவிட்டான். முகம் தெளிந்தது, இயந்திரத்தின் இரைச்சலையும் மீறிப் பாடினான். அப்போதுதான் அவன் வாழ்க்கைக்குள் நீங்கள் வந்தீர்கள். சாப்பாட்டு வேளையெல்லாம் உங்களோடு போனில் பேசுவதற்கே போனது. ஒரு திங்கட்கிழமை இயந்திரத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "நாலு நாளா வில்லை ஒட்டவே மறந்துட்டேன்டா" என்றான். நான் ஒட்டிய நாலும் தனியாக நின்றன. எண்ணவே மறந்தவனுக்கு நான் எதற்கு?

அன்று மத்தியானம் அவன் லென்ஸ் தேய்க்கும்போது கைப்பேசி என் மேசையில் இருந்தது. பூட்டை எடுத்தேன். அவனுக்கு எண் தெரியாத என் பழைய கைப்பேசியிலிருந்து அந்த மாதிரிப் படத்துக்கு ஒரு இணைப்பு அனுப்பினேன். ஒன்றே ஒன்று.

மறுநாள் கண் சிவந்து வந்தான். "பூட்டு தானா திறந்திருக்குடா" என்றான். போன் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் என்றேன், நம்பிவிட்டான். மறுபடி பூட்டுப் போட்டுக் கொடுத்தேன், மறுபடி எடுத்தேன். மூன்றாவது வாரம், "அவ மூஞ்சியப் பார்க்கவே கூசுதுடா, அவளுக்காவது நல்ல வாழ்க்கை கிடைக்கட்டும்" என்று அழுதான். முதுகைத் தட்டிக் கொடுத்து டீ வாங்கி வந்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

ஆகவே அவனைத் தப்பாக நினைக்காதீர்கள். அவனாக விழவில்லை. இன்றும் வாரம் இரண்டு அனுப்புகிறேன். அவனைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

என்னைப் பற்றியும் கவலை வேண்டாம். நான் அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டாயிற்று. இப்போதெல்லாம் அவனுக்கு எதை அனுப்புவது என்று தேடிப் பார்ப்பதோடு சரி. அதற்கே தினமும் விடிந்துவிடுகிறது.