எல்யோர் மூடிய அத்தி

— பிரசவம் பாக்கன்னு மக வீட்டுக்குப் போயிட்டு வரதுக்குள்ள, இந்த எலுமிச்சைய இப்படி மொட்டையடிச்சு வச்சிருக்கீங்களே! தண்ணி ஊத்தச் சொன்னேனா இல்லையா?

— மறந்துட்டேன், சவோதத்.

— மறந்துட்டாராம்! சாப்பிட மறந்தீங்களா? தொட்டி மண்ணு ஓடா காஞ்சு கெடக்கு. ஜன்னல்ல ஜெரேனியம் வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டு போயிருக்கு. குளிர் முடியறப்பவே கிள்ளி விட்டாத்தானே கெளைக்கும்? கேட்டீங்களா, அந்தக் கத்திரிய எடுங்க.

— அப்புறம் கிள்ளலாம். இப்பத்தானே வந்த. செத்த உக்காரு. உங்கிட்ட ஒண்ணு…

— நான் உக்காந்தா இதெல்லாம் யாரு பாப்பா? பேரனைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க? அப்படியே தாய்மாமன் சாயல். எல்யோர் பொறந்தப்ப இருந்தானே, அதே மடங்குன காது. பர்னோகிட்ட சொன்னேன், ‘ஒங்கண்ணன் நவ்ரூஸ் பண்டிகைக்கு வரான், தூக்கிக் கொஞ்சப் போறான் பாரு’ன்னு.

— பர்னோ என்ன சொன்னா?

— என்ன சொல்லுவா, சிரிச்சா. பச்சை உடம்புக்காரி. ஆமா, இதென்ன அடுக்களையில இவ்வளவு ரொட்டி? கல்யாண வீடு மாதிரி!

— எதுத்த வீட்டு கோலிதா கொண்டு வந்தா. இன்னும் நாலு வீட்டுல…

— கோலிதாவா? ஒரு கை உப்பு கேட்டாக்கூட இல்லேங்கறவ! தெரு முனையில என்னைப் பாத்ததும் கட்டிப் புடிச்சு ஒரே அழுகை. ‘பேரன் பொறந்ததுக்கு அழுவாங்களாடி’ன்னேன். கைய உதறிட்டு ஓடிட்டா.

— அவ மனசு எளகினவ.

— யாரு, அவளா? புருஷன் போன அன்னிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலயே. கொட்டற பனியில நின்னு, அவரு குளிருக்கு வளைச்சு மண்ணு போட்டு மூடி வச்ச மாதுளை மேட்டைத் தொறந்துக்கிட்டு இருந்தா.

— அது முறை. மரத்தை மூடினவன் போயிட்டா அன்னிக்கே தொறந்தாகணும். இல்லேன்னா அந்த மண்ணு போனவன் நெஞ்சு மேல கெடக்கும்.

— தெரியும், தெரியும். பேரன் பொறந்த நேரத்துல இதென்ன பேச்சு? வாயக் கழுவுங்க.

— நீதானே ஆரம்பிச்ச.

— நான்தான், நான்தான். சரி, எல்யோருக்குப் போன் போட்டுப் பாத்தீங்களா? எனக்குப் போகவே மாட்டேங்குது. மருமகன் போன்ல கூடப் பாத்தேன், அதுலயும் போகல.

— அவன் வேலை செய்யற எடத்துல டவர் கெடைக்காது. ஊருக்கு வெளியில கட்டடம் கட்டறாங்க.

— போன வாரம் கெடச்சுதே? ‘அம்மா, அத்தி மரத்தைத் தொட்டீன்னா பேச மாட்டேன், நான்தான் மூடினேன், நான்தான் வந்து தொறப்பேன்’னு அவ்வளவு நேரம் வம்பு பண்ணானே. சின்னப் புள்ளைல இருந்தே அந்த மரம்னா அவனுக்கு உசுரு. நான் தொடல சாமி. ஆனா மேட்டுக்கு மூச்சு விட ஒரு ஓட்டை போடணும். வெயில் ஏறுது, உள்ள புழுங்கி மொட்டெல்லாம் அழுகிடும். மண்வெட்டி எங்க?

— வேணாம். இன்னும் பனி விழும்.

— ஓட்டைதானே போடப் போறேன்? பனி வந்தா வைக்கோல அடைச்சுக்கலாம். வருஷா வருஷம் செய்யறதுதானே.

— நான் நாளைக்குப் போடறேன். உள்ள வா, தேத்தண்ணி ஆறுது.

— உங்க நாளைக்கு எனக்குத் தெரியாதா? எலுமிச்சை பட்ட பாடு போதும். அவன் ஆசையா வந்து தொறக்கறப்ப அழுகல் வாடையா வரணும்? தள்ளுங்க.

— விடுன்னு சொல்றேன்ல!

— எதுக்கு இப்படிக் கத்தறீங்க? பக்கத்து வீட்டுல என்ன நெனப்பாங்க? …அட, மண்ணு பொலபொலன்னு வருதே. குளிர் காலம் பூரா பனி அழுத்துன மண்ணு கல்லா இல்ல இருக்கணும்? நாய் பறிச்சிருச்சா?

— நாயாத்தான் இருக்கும். மூடிரு.

— நாய் பறிச்சா திருப்பி மேடு கட்டிட்டா போவும்? பாருங்க, அதுக்குள்ள நாணல் பாய் தெரியுது. கயிறும்…

— சவோதத், போதும்மா.

— இருங்க. இதென்ன முடிச்சு? எல்யோர் போட்டா பல்லால கடிச்சுத்தான் அவுக்கணும். இது ஒரே இழுப்புல வருது. கழுதையக் கட்டற முடிச்சு. இந்த வீட்டுல இப்படி முடிச்சுப் போடறது…

— சவோதத்…

— பேசாதீங்க.

— மண்வெட்டியக் குடு.

— எல்யோர் அப்பா… எந்த நாள் தொறந்தீங்க?