முப்பதாவது நாள்

மார்ச் பதினான்காம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு, நலத்தொகை மேல்முறையீட்டு அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், என் மேசைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து பிரிக்கப்படாத நாற்பத்தொரு உறைகள் எடுக்கப்பட்டன. எண்ணிக்கை சரி. விசாரிக்க வந்திருந்த உங்களிடம் சாவியை நான்தான் கொடுத்தேன்.

நான் நேரம் தவறாதவன். பக்கத்து மேசைத் தட்டச்சுக்கார அம்மா எனக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தார். நான் படியேறி வந்தால், "கடிகாரம் சார் வந்தாச்சு, ஒன்பது மணி. சுவர்ல இருக்கறதைத் திருப்பி வைங்க" என்பார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேலி எனக்கு அலுத்ததில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். உடல் முடியாதவர்கள் உதவித்தொகை கேட்டு எழுதுவார்கள். மருத்துவர் ஒருவர் பார்த்து மதிப்பெண் போடுவார். கிடைக்காது என்று கடிதம் போனால், முப்பது நாளுக்குள் எங்களுக்கு மேல்முறையீடு செய்யலாம். வரும் தபாலைப் பிரித்துத் தேதி முத்திரை குத்துவது நான். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம்: உறை வந்த நாள் வந்த நாளாகாது, பிரித்த நாள்தான் வந்த நாள். எழுதி வைத்த விதி இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன். ஆகவே ஓர் உறையை அலமாரியில் வைத்து முப்பத்தோராம் நாள் பிரித்தால் போதும். காலம் கடந்தது என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடலாம்.

எல்லோருக்கும் அப்படிச் செய்யவில்லை. மருத்துவர் சுழியம் போட்டவர்களுக்கு மட்டும். உறைமேல் இருக்கும் பெயரை மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டால், பிரிக்காமலே தெரிந்துவிடும்.

விசாரணை அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீள மேசை, மூன்று பேர், ஒரு நாற்காலி. தலையை நீயே வாரிக்கொள்வாயா, கழிவறைக்கு யார் தூக்கிப் போகிறார்கள் என்று கேட்பார்கள். கைவிரல் மடங்காத ஒரு தையல்காரி, பொத்தானைப் போட்டுக் காட்டச் சொன்னபோது பல்லால் இழுத்துப் போட முயன்றாள். கோப்போடு நான் வாசலில் நின்றிருந்தேன். சுழியம் வாங்கியவரை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது பாவம் என்று நினைத்தேன். நீ நடிக்கிறாய் என்று கேட்பதைவிட நீ பிந்திவிட்டாய் என்று கேட்பது லேசு. இதை எனக்குச் சொன்னது என் அக்கா.

அக்காவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு அடி நடப்பார். அவருக்கும் சுழியம்தான். மேல்முறையீடு செய்தார், அது காலம் கடந்துவிட்டது. அதை நான் போய்ச் சொன்னபோது, அவர் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். "லேட்டுத்தானேடா, போகட்டும். பொய் சொல்றேன்னு யாரும் சொல்லலையே" என்றார். அடுத்த வருடம் இறந்துவிட்டார். அந்தச் சொல் என்னிடம் தங்கிவிட்டது.

ஒன்பது வருடமாகச் செய்கிறேன். யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. பிந்தியது நம் தப்புத்தான் என்று ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். கடைசல் பட்டறைக்காரரின் மனைவி மட்டும் நம்பவில்லை.

அந்தப் பட்டறைக்காரருக்கு நுரையீரலில் இரும்புத் தூள். மதிப்பெண் சுழியம். வீட்டில் மூச்சு இயந்திரம் வைத்திருந்தார்கள். குழாய் கழன்றால் மாட்டிவிட ஆள் வேண்டும். உதவித்தொகை வந்தால் மனைவி கூட இருப்பார், வராவிட்டால் சலவைக்கூடத்து வேலைக்குப் போகவேண்டும். அவ்வளவுதான் அந்த வழக்கு. அந்த மனைவி திங்கள்தோறும் என் ஜன்னலுக்கு வருவார்.

"அண்ணே, எங்க மனு வந்துச்சாண்ணே?"

வந்தால் தகவல் வரும் என்பேன். ஒரு திங்களன்று, "என் புருஷன் மூச்சு விடுறதைவிட உங்க ஆபீஸ் மெதுவா வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய உறை என் முதுகுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் இருந்தது.

முப்பத்தோராம் நாள் பிரித்தேன். திருப்பி அனுப்பினேன். அவர் சலவைக்கூடத்தில் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாவது வாரம், பகல் இரண்டு மணிக்குக் குழாய் கழன்றிருக்கிறது. அவர் வீடு திரும்பியது ஐந்தே முக்காலுக்கு.

பிறகு ஒருநாள் வந்தார். என் ஜன்னலுக்கு வரவில்லை, நேராக மேலதிகாரி அறைக்குப் போனார். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை கையில் இருந்தது. தபால்காரர் அட்டையை நீட்டினால் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திடுவேன். அதில் பொய்த் தேதி போட எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். அட்டையில் ஒன்பதாம் நாள், மனுவில் முப்பத்தோராம் நாள். இரண்டும் என் கையெழுத்து.

அந்த அம்மா கத்தவில்லை. "அண்ணே, நான் ஒவ்வொரு திங்களும் வந்தேனே" என்றார். விசாரணையில் கஷ்டப்படுத்துவார்கள் என்று சொல்ல நினைத்தேன். அந்த அறையில் அது எடுபடும் என்று தோன்றவில்லை.

அலமாரியிலிருந்து எடுத்ததில் நாற்பது உறைகளை உடனே விசாரணைக்கு எடுத்தார்கள். முப்பத்தொன்றில் மனுதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்திருக்கிறது. சுழியம் வாங்கியவர்களும் இப்படி ஜெயிப்பார்கள் என்பது தெரியாதா என்று கேட்டீர்கள். பழைய தீர்ப்புகளையும் கோப்பில் சேர்த்துக் கட்டியது நான்தான். தெரியும். பட்டறைக்காரரின் மனுவையும் திரும்ப எடுத்தார்கள். மனுதாரர் உயிருடன் இல்லாததால் முடித்து வைக்கப்பட்டது.

மிச்சம் ஓர் உறை. அது ஒன்பது வருடம் பழையது, அக்காவுடையது. முகவரி அவர் கையெழுத்து. தபால் தலை இல்லை என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரி. "நீ போற இடம்தானே, குடுத்துடு" என்று என் கையில் கொடுத்தார். சாப்பாட்டுப் பையின் பக்க அறையில் வைத்தேன். மறுபடி என் கண்ணில் பட்டது முப்பத்து நாலாம் நாள்.