கடமானுக்குக் காத்திருந்த ஏழாவது ஆள்

…ஆறு பேரும் வெறுங்கையோட திரும்புனதுக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க டாக்டரம்மா! கடமானை நானா கயித்துல கட்டி இழுத்துட்டு வர முடியும்? நம்ம வேட்டைக் கிளப்புல செயலாளரம்மா ஒருத்தி இருக்காளே, நோலீன், அவ என்ன சொல்றா தெரியுமா? "கிளாரி, புது ஆளுங்கள உன்கூட மலைக்கு அனுப்புறது இதான் கடைசி. இந்த ஏழாவது ஆளும் ஒண்ணும் அடிக்காம வந்தா, நீ துப்பாக்கி சுடுற மைதானத்துல அடுப்புகிட்ட நின்னு சாசேஜ் பெரட்டு"ங்கறா. எழுபத்திரெண்டு வயசுல! அம்பது வருசமா இந்த விக்டோரியா மலைய கால் தேய நடந்தவன்கிட்ட!

ஏழாவது ஆள் யாரா? நீங்கதான். பதறாதீங்க. அந்த அடிமரத்துல முதுகச் சாச்சு உக்காருங்க. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். ஷ்ஷ்! பேசாதீங்க. வேட்டைல மொதப் பாடமே அமைதி.

எதிர்ச் சரிவு தெரியுதா? ஓடைக்கு அந்தப் பக்கம், வாட்டில் மரம் ரெண்டு சாஞ்சு கெடக்கே, அங்கதான் மொத வெயில் விழும். ராத்திரி பூரா குளிர்ல நடுங்குன கடமான் அங்க வெயில் காய வரும். கண்ண அங்கயே வைங்க. ம்ஹூம், துப்பாக்கிக் கண்ணாடி வழியா இல்ல! பைனாகுலர எடுங்க. நீங்க அதுல பாத்தா துப்பாக்கியும் சேந்து பாக்கும்ல? அங்க நிக்கிறது மானா இருந்தா சரி. கிளப்புத் தலைவரு ஒதுங்குன எடமா இருந்தா?

என்ன சிரிக்கிறீங்க? போன மாசம் உங்க பல்லாஸ்பத்திரி நாற்காலில என்ன மல்லாக்கச் சாச்சு, வாய்க்குள்ள பஞ்சு, குழாய், கண்ணாடி எல்லாத்தையும் தள்ளிட்டு, "அப்புறம் கிளாரி, வேட்டையெல்லாம் எப்படிப் போகுது?"ன்னு கேட்டீங்களே! நாப்பது நிமிசம்! "ஆ… ஆ…"ன்னு சொன்னதத் தவிர ஒரு வார்த்த பேச முடிஞ்சுதா? இன்னிக்கு நம்ம முறை.

ஆனா ஒண்ணு, நேத்து நீங்க கொண்டாந்து காட்டுன சாமான் மூட்டையப் பாத்து எனக்கு ராத்திரி தூக்கமே வரல. அந்தக் கத்தி! அது கத்தியா, போருக்குப் போற வாளா? பல்லு புடுங்குறவங்களுக்கு நான் சொல்லணுமா, சின்னதா இருந்தாலும் கூரா இருந்தாப் போதும்னு? நாலு விரல் நீளம், தாராளம். இதோ, என் பையப் பாருங்க. சின்னக் கத்தி, கயிறு, டார்ச்சு, தண்ணி, தலைகாணி உறை நாலு. ஆமா, உறைதான். கறிய பிளாஸ்டிக் பைல போட்டா வேர்த்து நாறிரும், துணின்னா காத்து போகும். என் பொண்டாட்டி பெவ் வெறும் தலைகாணிலதான் ரெண்டு வருசமா படுக்கறா, பாவம். அப்புறம் இந்த மஞ்சப் பொட்டி. எசகுபிசகா விழுந்து கால ஒடச்சுக்கிட்டா இந்தப் பித்தானை அமுக்கணும், ஹெலிகாப்டர் வரும். வழிய விட்டுட்டேன்னெல்லாம் நான் அமுக்குனதில்ல. ஒரே ஒரு தடவைதான்… அது வேற கதை.

ஆரஞ்சுத் தொப்பி மட்டும் சரியா வாங்கிருக்கீங்க. மானுக்கு அந்தக் கலரு பெருசாத் தெரியாது, மனுசனுக்குத் தெரியும். காட்டுல நான் பயப்படுறது மனுசனுக்குத்தான். ஆனா இந்த ஜாக்கெட் இருக்கே! கைய அசைச்சா சிப்ஸ் பாக்கெட்டக் கசக்குற மாதிரி சரசரங்குது. கம்பளி போடுங்கம்மா, கம்பளி! இந்த நாட்டுல இத்தன ஆடு எதுக்கு இருக்கு?

அந்த ஆறு பேரும் இப்படித்தான். மொத ஆளு, பேங்க்காரன், உக்காந்த எடத்துல மொறுமொறுன்னு தின்னுக்கிட்டே இருந்தான். ரெண்டாவது ஆளு பள்ளிக்கூடத்து வாத்தியாரு. லாவெண்டர் சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வந்து நிக்கிறாரு, மலையே சென்ட் கடை மாதிரி ஆயிருச்சு. கடமானுக்கு மூக்குதாம்மா கண்ணு! இதோ, சாஸ் பாட்டில்ல கொஞ்சம் சோள மாவு வச்சிருக்கேன், ஒரு அமுக்கு… பாத்தீங்களா, மாவு நம்ம மூஞ்சிக்கு வருது. காத்து அதுகிட்டருந்து நம்மகிட்ட வருது. நல்லது. மூணாவது ஆளு, குழாய் ரிப்பேர்காரன், கடைலருந்து எடுத்த பூட்ஸ அன்னிக்குத்தான் மொதமொதல்ல போட்டான். ரெண்டு மைலுல கால்ல கொப்புளம். அவனத் தோள்ல தாங்கிட்டு எறங்குறேன், அவன் கால்சட்டைக்குள்ள பன்னெண்டு அட்டை! பேண்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகுடான்னு சொன்னாக் கேட்டானா? நாலாவது ஆளு… நாலாவது ஆளுகிட்ட ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு மான் எப்படித் தப்பிச்சுதுன்னு எனக்கே தெரியல.

உங்களுக்கு இன்னொண்ணு தெரியுமா? இந்த ஓடையில ஒரு லைர் பறவை இருக்கு. கோழி சைஸுதான், காதுல விழுற சத்தத்த எல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும். ரம்பம் அறுக்குறது, கேமரா 'க்ளிக்'குங்குறது, எல்லாம். என்கிட்டருந்து அது என்ன கத்துக்கிச்சுங்கறீங்க? "ஷ்ஷ், பேசாதீங்க!" சத்தியமா! அதோட குஞ்சுக்கும் சொல்லிக் குடுத்திருச்சு. இப்ப இந்தப் பள்ளத்துல எந்தக் குருவி வாயத் தொறந்தாலும் குடும்பமே சேந்து "ஷ்ஷ்"ங்குது. பாடுறதையே விட்டுட்டு நாலு குருவி ஊரக் காலி பண்ணிருச்சு.

நம்பலையா? நம்பாட்டிப் போங்க.

சரி, இதக் கேட்டுக்கங்க. சந்தேகம் வந்தா கடமான் ஒடனே ஓடாது. நிக்கும். காத முன்னால வெடைச்சு, செல மாதிரி நின்னு பாக்கும். ஒரு கால தூக்கித் தரைல தட்டும். அப்ப அவசரப்படாதீங்க. முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னால, உடம்போட கீழ்ப்பாதியில குறி வைங்க. மலை உச்சில வானத்த ஒட்டி நின்னா சுடவே கூடாது. குண்டு தப்புனா அந்தப் பக்கம் எவன் வீட்டு ஜன்னலோ! மண்ணு பின்னால இருந்தாத்தான் சுடணும். தலைய ஆட்டுனீங்களா? நான் திரும்பிப் பாக்க மாட்டேன். வேட்டைக்காரன் தலைய ஆட்டக் கூடாது, எதிர்ச் சரிவத்தான் பாக்கணும். சாசேஜ் பெரட்டுறதப் பத்தி எனக்கென்ன வெட்கம்? ஆனா… அடுப்புகிட்ட நின்னா மலை தெரியாதும்மா. மைதானத்துக்குப் பின்னால இருக்கறது கார் நிறுத்துற எடம். வாரம் ஒரு நாளாவது இங்க வந்து உக்காரலைன்னா எனக்கு… நோலீனுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது? புதுசா ஒருத்தரு கூட வந்தாத்தான் பெவ்வும் என்ன வெளிய விடுறா, தனியாப் போகக் கூடாதாம், முட்டி சரியில்லையாம்.

என்ன, சத்தமே காணோம்? டாக்டரம்மா?

அட!

பை இருக்கு. ஜாக்கெட்டக் கழட்டி மடிச்சு வச்சிருக்கு. துப்பாக்கியக் காணோம், ஆளையும் காணோம்! யம்மா! ஒருத்தர் எங்க இருக்காங்கன்னு இன்னொருத்தருக்குத் தெரியணும்னு சொன்னேனா இல்லையா? சொன்னேனே… சொல்ல மறந்துட்டேனா? எங்க… ஆங், தொப்பி. ஓடையத் தாண்டி, எடப் பக்கமா, பெரணிக்குள்ள ஊர்ந்து போகுது. எதப் பாத்து இந்தம்மா இப்படி…

யப்பா! வெடிச் சத்தம்!

*

இருங்க… கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்… இந்த ஓடை அம்பது வருசத்துக்கு முன்னால இவ்வளவு ஆழமில்ல. துப்பாக்கியக் காலி பண்ணிட்டீங்களா? காட்டுங்க. நல்லது. கால் மணி நேரம் தள்ளி நின்னுட்டுத்தான கிட்டப் போனீங்க? நல்லது. எங்க… அடேயப்பா! இளங்கொம்பன்! ஒரே குண்டு! கை குடுங்க டாக்டரம்மா! தொப்பிய ஏன் மூஞ்சிக்கு இழுத்து விடுறீங்க? அழுங்க, பரவால்ல. எனக்கும் மொதத் தடவ அழுகையே வந்துச்சு, யாருகிட்டயும் சொல்லாதீங்க.

எப்படி? எங்க நின்னுச்சு? … இங்கயா? எம்மாம் நேரமா? … நான் லைர் பறவை கதையச் சொன்னதுலருந்தா! எதப் பாத்துக்கிட்டு? … என்னையா? காத வெடைச்சு, கால தட்டிக்கிட்டு, நான் பேசறதையே கேட்டுக்கிட்டு நின்னுச்சா? நீங்க பக்கவாட்டுல போனதையே அது கவனிக்கலையா?

பாத்தீங்களா! பாத்தீங்களா! என் பேச்சக் கேட்டு ஒரு கடமான் சொக்கிப் போய் நின்னிருக்கு! இத்தன வருசமும்… சரி, சரி. அப்படிப் பாக்காதீங்க. அந்த ஆறு பேரும் மரியாதைக்காரங்க, எந்திரிச்சுப் போகாம என் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. நாலாவது ஆளு சாயங்காலம் வரைக்கும் "ஐயா, கொஞ்சம்…"ன்னு மூணு தடவ சொன்னான். நான் முடிக்க விடல. ஆமா, சோப்பும் இல்ல, பூட்ஸும் இல்ல. நான்தான். போதுமா?

நோலீன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க? … உள்ளதையா? … "கிளாரிய எல்லாரு கூடவும் அனுப்புங்க, ஆனா எதிர்ச் சரிவுல உக்கார வைங்க"ன்னா? … வேட்டை முறைன்னே எழுதிக் குடுப்பீங்களா? என் தாயே! நீங்க இனிமே எத்தன பல்லு வேணும்னாலும் புடுங்கிக்கங்க!

சரி, இப்ப அறுத்துக் கூறு போட்டு மேல ஏத்துறதுதான் உண்மையான வேல. கத்திய வயித்துப் பக்கம் மேலோட்டமா… ஆங், அப்படித்தான், பழகுன கை. நீங்க அந்தப் பின்தொடைய எடுங்க, நான் தலைய எடுத்துக்கறேன், வழியெல்லாம் அந்த மஞ்சப் பொட்டி கதையச் சொல்லிக்கிட்டே… என்ன? ரெண்டு தொடையும் எனக்கா? முட்டி? முட்டி நல்லாத்தான் இருக்கு, யாரு சொன்னா? … நானா சொன்னேன்? சரி, கட்டுங்க. யம்மா, கனம்! அதென்ன, முன்காலும் என் பையிலயா? அப்ப நீங்க எதத் தூக்குவீங்க? … துப்பாக்கியும் கொம்பும்?

ஆக அந்தப் பொட்டி கதை என்னன்னா… அந்த வருசம்… நல்ல மழை… இந்த ஏத்தம்… எவன் வச்சது… நான் தனியா… ஹூம்… அப்ப அந்த… இருங்க… ஹூம்…

ஹூம்…

ஆ… ஆ… என்ன… சிரிப்பு… அங்க…