ஒரே ரத்தம்தானே என்றவன்

தாய் வயிற்றிலும் உடனிருந்து காக்கும் திருமாலின் திருவடிகளே சரணம்.

வளர்பிறை ஏகாதசி நன்னாளில், புனே மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனை வரிசையில் அமர்ந்திருந்தேன். அருகில் ஒரு தமிழ்த் தம்பதியர். அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. அவன் ரஞ்சன்காவ் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தான்.

“உன் ரத்தத்தைத்தான் பார்த்தாச்சுல்ல?” என்றான் அவன். “நீ என் தாய்மாமன் மக. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம். என்னுதை எதுக்குத் தனியா?”

“ஐயோ மாமா! சொந்தங்கிறதாலதான் என் ரத்தத்துல இருக்கிற தலசீமியாங்கிற பரம்பரை ரத்தச்சோகைக் கூறு உங்களுக்கும் இருக்குமோன்னு டாக்டரம்மா பயப்படுறாங்க.”

“எனக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன்?”

“நானுந்தான் நல்லா இருக்கேன்! ரெண்டு பேருக்கும் இருந்தா, பிள்ளைக்கு முழு நோயா வரலாம். மாசாமாசம் ரத்தம் ஏத்தணும். வயித்துல இருக்கும்போதே பார்த்துடலாம். நாள் தள்ளினா முடியாதாம்.”

“எங்க வம்சத்தையே சந்தேகப்படுறாளான்னு அம்மா குதிப்பாங்க.”

“உங்க அம்மா எங்க அப்பாவோட கூடப் பிறந்தவங்க. அதென்ன தனியா உங்க வம்சம்?”

வரிசையில் அப்பேச்சு புரிந்தவன் நான் ஒருவனே. ஆயினும் அவள் குரலைக் கேட்டு அனைவரும் திரும்பிப் பார்த்தனர். அந்நேரம் அவனது கைப்பேசி ஒலித்தது. அவளே எடுத்தாள்.

“அத்தை, அவருக்கு ரத்தம் எடுத்துக்கிட்டிருக்காங்க. அப்புறம் பேசச் சொல்றேன்.”

நாற்காலியை விட்டு அசையாதிருந்தவன் அவளை வெறித்துப் பார்த்தான். பின்னர், சட்டைக்கையைச் சுருட்டியபடி எழுந்தான்.

இதனைப் படிப்போர் இல்லங்களில் மழலைகள் நோயின்றி நெடிது வாழ்க.