மாஸ்டர் குடுத்த பூ

தலைய ஆட்டாதீங்க மாஸ்டர். கத்தி கழுத்துல இருக்கு. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன், நீங்களா ஆட்டினாத்தான் வம்பு. ஆமா, ஷட்டரைப் பாதி இறக்கினது நாந்தான். நமக்குள்ள கொஞ்சம் பேச வேண்டியிருக்கு, நடுவுல எவனாவது முடிவெட்ட வந்து உக்காந்தா பேச்சு கெட்டுரும். நீங்க வாயத் திறக்காதீங்க, சோப்பு உள்ள போயிரும். நான் பேசுறேன்.

வேற ஒண்ணும் இல்ல, உங்க டேலியா பூச்செடி விஷயம்தான்.

நீங்க பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து மூணு வருஷம் இருக்குமா? பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டரா இருந்தவரு, ஒத்த ஆளு, தொந்தரவு இல்லாத மனுஷன்னு நானே தெருவெல்லாம் சொன்னேன். வந்ததும் வராததுமா சுவரோரமா அந்தச் செடிய வச்சீங்க. வச்சீங்களா, அது பூத்துத் தொலைச்சுது. ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டு அகலம். கருஞ்சிவப்பு. அன்னையிலருந்து எம் பொண்டாட்டி காலையில டீயைக் கையில எடுத்துக்கிட்டு நேரா பின்பக்கச் சுவருக்குப் போயிடுறா. அதுக்கு முன்னாடி அந்த டீய எங்கூட உக்காந்துதான் குடிப்பா. இருபத்தாறு வருஷப் பழக்கம் மாஸ்டர், ஒரு பூ வந்து கெடுத்துருச்சு.

சேச்சே, உங்களத் தப்பா நினைக்கல. நினைச்சேன். பொய் என்னத்துக்கு, நினைச்சேன். வயிறு எரிஞ்சுது. அப்படி என்னதான் பேசுறீங்கன்னு கேக்க, பாத்ரூம்ல பக்கெட்டைக் கவுத்துப் போட்டு, அது மேல ஏறி சன்னல்ல காத வச்சுக்கிட்டு நின்னிருக்கேன். கேட்டா நீங்க மண்ணைப் பத்திப் பேசிட்டிருக்கீங்க. மண்ணு, எலும்புத்தூள் உரம், மொட்டு. அதுவே எனக்குத் தாங்கல. அவ கேக்குறா பாருங்க, ம்ம் ம்ம்னு, ஒரு சொல்ல விடாம. கடையில நடந்தத நான் சொன்னா அரை ம் தான் வரும், அதுவும் தையல் மிஷின் சத்தத்துல காதுல விழாது.

அப்புறம் அவ கேட்டான்னு மூணு கிழங்கு குடுத்தீங்கல்ல, போன வருஷம். அவளுக்குத் தையல் வேலை தலைக்கு மேல, எங்கிட்ட நீட்டினா. சரி, இந்த மூணுல உங்கள ஒரு கை பாத்துடறதுன்னு இறங்கினேன். ஒண்ணுக்கு, புதைச்ச அன்னையிலருந்து ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினேன். முளை வெளிய தலைகாட்டுற வரைக்கும் ஊத்தவே கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா? அழுகிருச்சு. இன்னொண்ணு நல்லாத்தான் வந்துச்சு, சாயுதேன்னு ஒரு குச்சி நட்டேன். அதோட வாடிருச்சு. தோண்டிப் பாத்தா குச்சி கிழங்கு நடுவுல சொருகி நிக்குது. குச்சிய முதல்ல நட்டுட்டு அப்புறம்தான் பக்கத்துல கிழங்க வைக்கணுமாமே. அவ அதைப் பாக்குறதுக்கு முன்னாடியே நான் முந்திக்கிட்டேன். உங்க மாஸ்டர் வேணும்னே சொத்தையா பொறுக்கிக் குடுத்திருக்காரு, மூணும் செத்துப்போச்சுன்னு அவகிட்ட போட்டுக் குடுத்துட்டேன். அவ நம்பல. அவரு அப்படிப்பட்டவரு இல்லைங்கன்னா. என்னப் பத்தி யாருகிட்டயாவது அவ அப்படிச் சொல்லியிருப்பாளா?

கன்னத்த இந்தப் பக்கம் திருப்புங்க. அவ்வளவுதான்.

மூணாவது சாகல மாஸ்டர். ஒரு பெயிண்ட் டப்பாவுல ஓட்டை போட்டு மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். கடைத் துண்டெல்லாம் காயப்போட அங்க ஏறுறது நான் ஒருத்தன்தான், அவளுக்கு முட்டிவலி. முதல் வருஷம் எலுமிச்சம்பழம் கணக்கா நாலு பூ. அவமானமா இருந்துச்சு. நாலு ஜோடி இலை விட்டதும் நுனியக் கிள்ளணும்னு நீங்க அவகிட்ட சொன்னத சன்னல்ல நின்னு கேட்டேன், கேட்டும் செய்யல. முப்பது வருஷமா ஊரு தலைய வெட்டுறவன், ஒரு செடித் தலையில கை வைக்க மனசு வரல. பூ ஓஞ்சதும் கிழங்கத் தோண்டி, காய்ஞ்ச மணலு போட்டு, பிளேடு வந்த அட்டைப்பெட்டியில வச்சு, அந்தா, அந்த ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன். இந்த வருஷம் திரும்ப நட்டு, நுனியக் கிள்ளினேன். மொட்டு மூணு மூணா வரும்ல, பூ பெருசா வரட்டும்னு நடுவுல இருக்குறத விட்டுட்டு ரெண்டு பக்கமும் எடுத்துட்டேன். மீசை ஒதுக்குற கத்திரியாலதான்.

நத்தையா? போன மழைக்கு உங்க இலையெல்லாம் சல்லடையாப் போச்சே, அது எங்க வீட்டு நத்தை. விடிஞ்சதும் சாக்கடை ஓரமா பொறுக்கி நாந்தான் சுவருக்கு மேல வீசினேன். ஆட்டாதீங்கன்னா கேளுங்க.

முந்தாநாள் விரிஞ்சுது. சீப்ப வச்சு அளந்தேன், சீப்பையும் தாண்டி ஒரு விரல் அகலம். உங்களோடது அவ்வளவு வராது. நீங்க ஒத்துக்க வேணாம், எனக்குத் தெரியும்.

நேத்து அவ மார்க்கெட்டுக்குப் போன நேரம் பாத்து, வெட்டி எடுத்து, தையல் மிஷின் மேல ஒரு கிளாஸ்ல வச்சேன். சட்டைகூட மாத்திக்கிட்டேன். வந்தா. பாத்தா. பையக் கீழ வைக்கல. அவ முகம் இருக்கே மாஸ்டர், கல்யாணமான புதுசுல ஒரு முகம் இருந்துச்சு அவளுக்கு, எங்க போச்சுன்னே தெரியாம இருந்தது, அது வந்துருச்சு. நான் தொண்டையக் கனைச்சுக்கிட்டேன். அப்பத்தான் கேட்டா, மாஸ்டர் குடுத்தாரான்னு.

அவ மேல தப்பு இல்ல. உங்க கிழங்கு, உங்க கலரு. எங்க வீட்டுலதான் மூணும் செத்துப்போச்சே.

நான் வளத்ததுடின்னு சொல்லியிருக்கணும். நாக்கு நுனிக்கு வந்துருச்சு. ஆனா அதைச் சொன்னா அந்த முகம் அப்படியே நிக்குமா, இல்ல, ஓ நீங்களான்னு இறங்கிருமா? இறங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? ஆமா, மாஸ்டர்தான் குடுத்தாருன்னுட்டேன். அதானே, பாத்தாலே தெரியுதேன்னா. நேத்துலருந்து நாலு தடவ அதுக்குத் தண்ணி மாத்திட்டா.

ம், முடிஞ்சுது. துடைச்சுக்கோங்க. சாயங்காலம் அவ சுவருக்கு வந்து தேங்க்ஸ் சொல்லுவா. எந்தப் பூன்னு முழிச்சுராதீங்க. ஆமாம்மா, நாந்தான் குடுத்தேன்னு சொல்லிடுங்க. சிரிச்சுக்கிட்டு மட்டும் சொல்லாதீங்க.