குச்சி விழுந்த இடம்

— அந்த நோட்ட எடு. அவ பேர அடி. அடிச்சிட்டு அப்புறம் எங்கிட்டப் பேசு.

— அய்யா, மொதல்ல உக்காருங்க. பிள்ளைக எல்லாம் ஓடுறத விட்டுட்டு இங்கயே பாக்குதுக.

— பாக்கட்டும். சிவனாண்டி எதுக்கு விடிஞ்சும் விடியாம கிரவுண்டுல வந்து நிக்கிறான்னு அதுகளுக்கும் தெரியட்டும். நான் உக்கார வரல சுஃபியா. நல்லகாமன் பேத்தி பேரு இந்த மன்றத்து நோட்டுல இருக்கக் கூடாது. அம்புட்டுத்தான்.

— முனீஸ்வரி அப்படி என்ன பண்ணிட்டா?

— என்ன பண்ணிட்டாளா? கோச்சா இருக்க நீ, என்னையக் கேக்குற? ஞாயித்துக்கெழம ஸ்டேடியத்துல அம்புட்டுச் சனமும் பாத்துச்சு. நாலு பிள்ளைக ஓடுற தொடர் ஓட்டம். மொத ரெண்டு பிள்ளையும் சிங்கம் மாதிரி ஓடிக் குச்சியக் கொண்டாந்துச்சுக. மூணாவது அவ. நாலாவது எம்பேத்தி. இவ கைய நீட்டுறா, அந்தச் சிறுக்கி குச்சியக் கீழ போட்டுட்டா. வேணும்னே போட்டுட்டா.

— தாத்தா, வீட்டுக்குப் போவோம். வாங்க.

— நீ வாயத் தொறக்காத திவ்யா. அந்த வேப்பமரத்துக்கிட்டப் போயி நில்லு.

— இங்கயே நிக்கிறேன்.

— நில்லு. பேசாம நில்லு.

— அய்யா, நிதானமாக் கேளுங்க. ரிலேல பேட்டன் விழுகுறது நடக்குறதுதான். நான் பன்னெண்டு வருசம் ஓடியிருக்கேன். என் கையில இருந்தே ரெண்டு தடவ விழுந்திருக்கு. ஒருக்கா மாநிலப் போட்டியில விழுந்து, ரெண்டு நாளு எங்க அத்தா மூஞ்சியில முழிக்காமத் திரிஞ்சேன்.

— ஒன் கை வேற தாயி. அந்த வீட்டுக் கை வேற. நீ கோரிப்பாளையத்துப் பிள்ள, எங்க ஊருச் சங்கதி ஒனக்குத் தெரியாது. இன்னைக்குத் தெரிஞ்சுக்க. எங்க கொலசாமிக்குப் பொட்டி ஒண்ணு இருக்கு. சாமி நகை, பட்டு, சூலம், அம்புட்டும் அதுக்குள்ளதான். சிவராத்திரி அன்னைக்குப் பொட்டியத் தலையில தூக்கிக் கோயிலுக்கு நடந்தே போவோம். பாதி வழி நல்லகாமன் வீட்டுச் சொமை. ஓடைக்கரையில வச்சு அவுக கையால நாங்க வாங்கி, மீதி வழிய நாங்க சொமக்கணும். நாலு தலைமுறையாப் பொட்டி மண்ணத் தொட்டதில்ல.

— சரி.

— பதினாலு வருசம் ஆச்சு. நல்லகாமன் தலையில இருந்து எறக்கித் தாரான், நான் கைய நீட்டுறேன். விட்டுட்டான். பொட்டி மண்ணுல கெடக்கு. பூட்டுத் தெறிச்சு, சாமியோட பட்டு ஓடைத் தண்ணியில கெடக்கு.

— ராத்திரி நேரம். இருட்டுல கைதவறியிருக்கும்.

— இருட்டாவது ஒண்ணாவது. நூறு பேரு சுத்தி நின்னாக. அம்புட்டுப் பேரும் பாத்தாக. மறுநாளே ஊரு கூடி, அவன்தான் விட்டான்னு சொல்லி, அவன் வீட்டுச் சொமைய எடுத்து எங்ககிட்டயே குடுத்துட்டாக. இப்ப முழு வழியும் எங்க வீடுதான் சொமக்குது. அன்னையில இருந்து அவன் கையால எங்க வீட்டுல ஒரு துரும்பு வாங்குனதில்ல. கல்யாண வீட்டுல வெத்தலத் தட்டக்கூட அவுக தரையில வச்சுட்டு நகந்த பெறகுதான் நாங்க எடுக்கிறது. அவன் எனக்குப் பெரியப்பன் மகன், பாத்துக்க. அப்படியாப்பட்ட வீட்டுப் பிள்ள கையில எம்பேத்திய வாங்க வச்சிருக்க நீ.

— இந்தக் கிரவுண்டுக்கு உங்க நெலத்தத் தாரப்ப நீங்க என்ன சொன்னீங்க? எந்த வீட்டுப் பிள்ளையும் வந்து ஓடட்டும்னு சொன்னீங்களா இல்லையா?

— ஓடட்டும்னு சொன்னேன். எம்பேத்தி கையில கொண்டாந்து குடுக்கட்டும்னு சொன்னேனா? யாரு யாருக்கு அடுத்து ஓடுறான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?

— சொல்லல.

— ஏன் சொல்லல?

— சொல்லியிருந்தா திவ்யாவ நிப்பாட்டியிருப்பீங்க. வளைவுல முனீஸ்வரி மாதிரி ஓட இந்த விளாங்குடிப் பக்கத்துலயே வேற பிள்ள இல்ல. கடைசி நூறு மீட்டர்ல திவ்யாவ விட்டா ஆளில்ல. வேற எப்படி வரிசை வைக்க?

— அப்ப தெரிஞ்சே மறச்சிருக்க.

— ஆமா, மறச்சேன். அது எந்தப்பு. அதுக்கு என்னைய வையுங்க. அந்தப் பிள்ளைய விட்டுருங்க.

— ஒன்னைய வஞ்சு என்ன ஆகப் போகுது? மண்ணுல விழுந்தது ஒம்பேரா? பனியன்ல யாரு பேரு போட்டிருக்கு, வாசி.

— கருத்தக்கண்ணன் நினைவு இளைஞர் தடகள மன்றம்.

— எங்கய்யா பேரு. எங்கய்யா பேரப் போட்ட பனியனோட எம்பேத்தி வெறுங்கைய நீட்டிக்கிட்டு நிக்கிறா, மத்த டீமு பிள்ளைக எல்லாம் தாண்டிப் போகுதுக. பின்னாடி ஒக்காந்திருந்தவன் சிரிக்கிறான். எழுபத்தி ரெண்டு வயசுல மொத மொதல்ல ஓட்டப் பந்தயம் பாக்கப் போயி, துண்டத் தலையில போட்டுக்கிட்டு வெளிய வந்தேன்.

— அய்யா, இங்க பாருங்க. ஒரு பிள்ளையோட அம்மா எடுத்த வீடியோ. இந்தா வளைவுல முனீஸ் வர்றா. இப்ப "கை"ன்னு கத்துறா. அதுதான் எங்க சத்தம். கேட்டதும் திவ்யா திரும்பிப் பாக்காமக் கைய மட்டும் பின்னாடி நீட்டணும். குடுக்கிறவ குச்சிய உள்ளங்கையில வச்சு அழுத்தணும். வாங்குறவ கைய மூடுன பெறகுதான் குடுக்கிறவ விடணும். இந்தா, ரெண்டு கையும் சேந்துருச்சு.

— அப்புறம்?

— அப்புறம் யாரோ எந்திரிச்சு மறச்சுட்டாங்க. மறுபடி தெரியுறப்பக் குச்சி தரையில கெடக்கு.

— மூடுறதுக்கு முன்னாடியே விட்டுட்டா. நீயே சொல்லிட்டியே.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். எல்லாப் பிள்ளைக முன்னாடியும் வச்சு அவளத் திட்டுனேன். அன்னைக்குப் போனவதான், நாலு நாளா வரல.

— திட்டுனப்ப அவ என்ன சொன்னா?

— "விட்டுட்டேன்கா, எந்தப்புதான்"னா.

— பாத்தியா, ஒத்துக்கிட்டா. அவளே ஒத்துக்கிட்ட பெறகு நீ எதுக்கு வக்காலத்து வாங்குற?

— வேணும்னு போட்டேன்னு சொல்லலையே. அய்யா, வெள்ளிக்கெழம விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறாங்க. சாப்பாடு, படிப்பு, கோச்சிங் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. மன்றத்துச் சான்று இருந்தாத்தான் உள்ள விடுவாங்க. அவங்கப்பா செல்லூர்ல தறி ஓட்டுறாரு. இந்த எடம் கெடச்சாத்தான் அந்தப் பிள்ள பிளஸ் ஒன்னே படிக்கும். பேர அடிச்சா எல்லாம் போச்சு.

— சான்றுல யாரு பேரு இருக்கும்?

— உங்கய்யா பேருதான்.

— எங்கய்யா பேர வச்சு நல்லகாமன் பேத்தி விடுதிக்குப் போறாளா? நல்லாருக்கு தாயி, ரொம்ப நல்லாருக்கு.

— பதினாலு வருசத்துக்கு முந்தி விழுந்த பொட்டியத் தூக்கிக் கொண்டாந்து ஒரு பதினாறு வயசுப் பிள்ள தலையில வைக்கிறீங்களே. அது பொறந்ததே அதுக்கு ரெண்டு வருசம் முந்தித்தான்.

— வார்த்தைய அளந்து பேசு.

— அளந்துதான் பேசுறேன். உங்க வயசுக்கு அளந்து பேசுறேன்.

— சரி. நானும் அளந்தே சொல்றேன். அழகுபாண்டிகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். ஆறரை மணிக்கு டிராக்டரு வரும், கலப்பையோட. ஒண்ணு அவ பேரு போகும், இல்லாட்டி நீ சுண்ணாம்புல கோடு போட்ட இந்த எடம் போகும். மறுபடி சோளம் வெதச்சுக்கிறேன். எது போகணும்னு நீயே முடிவு பண்ணிக்க.

— முப்பத்தி ரெண்டு பிள்ளைக இருக்கு அய்யா. இந்த வெட்டவெளிய விட்டா அதுக ஓட எடமே இல்ல. இந்தப் பக்கம் பூரா பிளாட்டுக் கல்லு நட்டுட்டாங்க.

— அதத்தான் சொல்றேன். முப்பத்தியொரு பிள்ளைக்காக ஒருத்தி பேர அடி. அந்தா சத்தம் கேக்குதா? மெயின் ரோட்ட விட்டு எறங்கிட்டான்.

— அக்கா, உண்மையிலேயே டிராக்டர் வருது.

— தெரியுது திவ்யா. யா அல்லா. அய்யா, கடைசியாக் கேக்குறேன். வெள்ளிக்கெழம முடியட்டும். அதுக்கப்புறம் அவ இந்தப் பக்கமே வர வேணாம்னு நானே சொல்லிர்றேன்.

— முடியாது. இன்னைக்கே, இப்பவே. எங்கண்ணு முன்னாடி.

— பேனாவக் குடுங்க.

— இந்தா.

— அந்தப் பிள்ள என்னைய மன்னிக்கவே மன்னிக்காது. பதினோராவது பேரு. முனீஸ்வரி, தகப்பனார் பேரு...

— எழுதாதீங்க அக்கா.

— ஒன்னையப் பேசாம நில்லுன்னு சொன்னேன்.

— நாலு நாளாப் பேசாமத்தான் தாத்தா இருந்தேன். அக்கா, முனீஸ் விடல. குச்சி என் கைக்கு வந்துருச்சு. உள்ளங்கையில வச்சு அழுத்துனா. ரெண்டாவது தடவயும் அழுத்துனா. "பிடிடி, பிடிடி"ன்னு கத்துனா. நான்தான் மூடல.

— மூடலன்னா? என்ன சொல்ற திவ்யா? இங்க எத்தன நூறு தடவ மூடியிருப்ப?

— இங்க தாத்தா இல்லையே அக்கா. அன்னைக்குக் கேலரியில மொத வரிசையில எந்திரிச்சு நின்னாரு. நான் முன்னாடி பாத்துக் கைய நீட்டுறேன், நேரா அவரு மூஞ்சிதான் தெரியுது. முனீஸோட அம்மா செல்லத்தாய் பெரியம்மா கோயில்ல ஒரு வாழப்பழம் குடுத்துச்சு. அத வாங்குனதுக்கு இதே கையில விசிறிக் காம்பால அடிச்சீங்களே தாத்தா. அப்ப எனக்கு ஆறு வயசு. அதெல்லாம் மறந்து போச்சுன்னுதான் நெனச்சிருந்தேன். உங்களப் பாத்ததும் விரலு மடங்கல.

— பொய். அவளக் காப்பாத்தப் பொய் சொல்ற.

— அவதான் என்னையக் காப்பாத்தப் பொய் சொன்னா. அக்காகிட்டச் சொல்லிறாதடின்னு அவ கையப் பிடிச்சு அழுதேன். சரிடின்னுட்டா. திட்டெல்லாம் அவ வாங்குனா. நாலு நாளா அவ வீட்டுக்குள்ள கெடக்கா, நான் இங்க வந்து வெக்கமில்லாம ஓடிக்கிட்டிருக்கேன்.

— கேட்டுக்கிட்டீங்களா அய்யா? இந்தாங்க உங்க பேனா.

— பேனாவக் கீழ வைக்காத. எழுது.

— என்னத்த எழுத?

— முனீஸ்வரி பேர. சொன்னபடி எழுது.

— இம்புட்டையும் கேட்டுட்டுமா?

— என்னத்தக் கேட்டேன்? நான் ஒண்ணும் கேக்கல. நீயும் கேக்கல. அந்தப் பிள்ளையே தான் விட்டேன்னு சொல்லிருச்சுல்ல, அது அப்படியே இருக்கட்டும். வந்ததக் கையில வாங்கத் தெரியாதவன்னு எங்க வீட்டுப் பிள்ளைய நாளைக்கு எவனும் பேசிறக் கூடாது. அழகுபாண்டி வரப்புக்கு வந்துட்டான் பாரு. எழுது.

— மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு அய்யா.

— எனக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒரு பேரு இருக்கு.

— தாத்தா. நல்லகாமன் தாத்தா அன்னைக்கு என்ன சொன்னாரு?

— என்னைக்கு?

— பொட்டி விழுந்தன்னைக்கு. ஊரு கூடிக் கேட்டப்ப, தான்தான் விட்டேன்னு அவரு சொன்னாரா?

— அவன் என்னத்தச் சொல்லுவான்? ஒரு வார்த்த பேசல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான்.

— முனீஸும் அப்படித்தான் என்னையப் பாத்தா.

— அதுக்கு இப்ப என்னங்கிற?

— நீங்க மூடுனீங்களா?

— என்னத்த?

— கைய. பொட்டி உங்க கைக்கு வந்தப்ப, நீங்க கைய மூடுனீங்களா தாத்தா?

— யாரு சொன்னா ஒனக்கு? அன்னைக்கு அந்த இருட்டுல ஒருத்தரும் பாக்கலையே.